கேன்சல்னா அடுத்தது எப்ப?

காலையில் போன் முனகியது. ஹட் பே போகிற கப்பல் கேன்சல் என்று மெசேஜ். போர்ட் பிளேரின் டெலானிபூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் பெட்டியெல்லாம் கட்டி வாசலில் வைத்திருந்தார். படித்துக் காட்டினேன். "அடுத்தது எப்ப?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு மூக்கில் அமோனியா நெடி ஏறும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

ஹட் பேயில் ஒரு மீன் கம்பெனியின் ஐஸ் பிளான்ட்டுக்கு நான் சூப்பர்வைசராக இருந்தேன். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மெஷின் ஓடினால் பக்கத்தில் நின்று டீ குடிப்பேன். அமோனியா கசிந்தால் எல்லோருக்கும் முன்னால் ஓடுவேன். அங்கே படகு வைத்திருந்தவர்கள் எங்கள் ஐஸை நம்பித்தான் கடலுக்குப் போனார்கள், மீனையும் எங்களுக்கே போட்டார்கள். ஐஸ் இல்லையென்றால் அவ்வளவு மீனை அந்தச் சின்ன ஊரில் யார் வாங்குவது?

அவர்களில் அந்தோணி எனக்கு நெருக்கம். அப்பா குமரிக் கடற்கரையிலிருந்து வந்தவர். இவன் ஹட் பேயிலேயே பிறந்தவன். கம்பெனி பேச்சைக் கேட்டுச் சின்னப் படகை விற்றுப் பெரியது எடுத்திருந்தான்.

ஒருநாள் மெயின்லேண்ட் ஆபீஸிலிருந்து போன். செலவைக் குறைக்கிறார்களாம், ஹட் பே வேண்டாமாம். மெஷினைக் கழற்றிக் கப்பலேற்று, ஆட்களிடம் பக்குவமாகச் சொல் என்றார்கள். என் வாயில் வந்த பக்குவம் இவ்வளவுதான்: "பிளான்ட் கேன்சல்பா."

அந்தோணி தலையைச் சொறிந்தான். "டீக் ஹை சார். அடுத்தது எப்ப?"

அப்போதுதான் உறைத்தது. தீவில் கேன்சல் என்றால் இல்லை என்று அர்த்தம் கிடையாது, காத்திரு என்று அர்த்தம். கப்பலுக்கும் அப்படித்தான், கல்யாணத்துக்கு வர வேண்டிய சாமியாருக்கும் அப்படித்தான்.

"இல்ல அந்தோணி, மொத்தமா மூடுறாங்க."

"அரே சார், செல் டவரையும் மொத்தமா எடுக்கோம்னுதான் சொன்னாங்க. திரும்ப வந்துச்சுல்லா?"

போர்ட் பிளேரில் எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர், ஐஸும் கொடுத்து ஒரே ஒரு படகைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றிருந்தார். அந்தோணியிடம் கெஞ்சினேன், திட்டினேன். அவன் போகவில்லை. மெஷினோடு நானாவது கப்பலேறித் தப்பிக்கலாம் என்றால், கப்பலும் கேன்சல். இஞ்சின் கோளாறாம். எல்லோர் பிழைப்பையும் பிடுங்கிய ஊரிலேயே மாட்டிக்கொண்டேன். சாப்பாடு அந்தோணி வீட்டில்தான், வேறு எங்கே போவது? அவன் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே, "மெஷின் வரும்போது புதுசா வருமா சார்?" என்பாள். உண்மையைச் சொன்னேன், தினமும் சொன்னேன். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு பக்கமும் கடல், நடுவில் நான்.

கடைசியில் கப்பல் வந்தது. "பாத்தீங்களா சார், கேன்சல்னாங்க, வந்துட்டு" என்று சிரித்துக்கொண்டே கடப்பாரையோடு முதல் ஆளாக வந்தவனும் அவன்தான். எல்லோருமாக மெஷினை வண்டியில் ஏற்றினோம். மிச்சம், மெஷின் உட்கார்ந்திருந்த சிமெண்ட் மேடை. இடத்துக்காரருக்குத் தரையைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும், அதையும் உடைத்துவிடு என்பது ஆபீஸ் உத்தரவு. சொன்னேன். அந்தோணி கடப்பாரையை ஓங்கியவன், அப்படியே இறக்கினான்.

"இத ஏன் சார் உடைக்கணும்? திரும்பி வந்தா எங்க வைப்பீங்க?"

"வராது அந்தோணி."

இந்தமுறை அவனுக்குக் கேட்டது. மெல்ல, "அந்த போர்ட் பிளேர் ஆளு?" என்றான். நேற்றே வேறு படகு எடுத்துவிட்டாராம் என்று சொல்ல வேண்டியவனும் நான்தான். அவன் மேடையை உடைத்து முடித்தான்.

கம்பெனி என்னையும் மெஷினோடு போர்ட் பிளேரில் இறக்கிவிட்டது. மெஷினுக்கு மட்டும் வேலை கிடைத்தது. அந்தோணியின் பெரிய படகு கரையேறி மக்கிவிட்டது. அவன் இப்போது கார் நிக்கோபாரில் ஒரு கான்ட்ராக்டரிடம் சிமெண்ட் கலக்குகிறான். எப்போதாவது போனில் பேசுவோம். பிள்ளைகளை விசாரிப்பான், மழையை விசாரிப்பான். போனவாரம், அவனைப் பார்க்க வர நினைத்திருந்தேன், கப்பல் கேன்சல் என்றேன்.

"சரி சார்" என்று வைத்துவிட்டான்.