இரண்டாம் ஞாயிறு அல்லாத நாட்கள்

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு பத்து. கூடத்துச் சுவரில் இருந்த கடிகாரத்தைத்தான் முதலில் பார்த்தேன்; அதனால் நேரம் மறக்கவில்லை. கடிகாரத்துக்குக் கீழே என் மகள் இருந்தாள். அவள் அம்மா வாங்கிக் கொடுத்த பச்சைத் துப்பட்டாவால் அவளை நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எதிரே ஸ்டூலில் ஒரு தட்டு. சாம்பார் சாதம் காய்ந்து ஓரத்தில் வெடித்திருந்தது. கை எட்டாத தூரம். எட்டினாலும் அவளால் எடுத்துச் சாப்பிட முடியாது.

அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பிறந்ததிலிருந்தே கைகால்கள் அவள் பேச்சைக் கேட்டதில்லை. நான்கைந்து சொற்கள் பேசுவாள். ஊட்டினால் சாப்பிடுவாள், பிடித்துக்கொண்டால் உட்காருவாள். அத்தனை வருடமும் தூக்கிச் சுமந்தவள் என் மனைவி. முதுகில் அறுவை சிகிச்சை நடந்து, தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த இல்லத்தில் சேர்த்தோம். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு பெற்றோர் வரும் நாள். அன்று பிள்ளைகள் துவைத்த துணியில், தலை வாரி, வரிசையாக இருப்பார்கள். எங்களுக்குக் கேசரி கொடுப்பார்கள். மற்ற நாட்களில் வருவதானால் போன் செய்துவிட்டு வர வேண்டும்.

அந்தச் செவ்வாய் பொம்மசந்திராவில் எங்கள் தொழிற்சாலைக்கு மின்சாரம் நின்று ஒரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். போன் பூத்தில் கூட்டம். பக்கம்தானே என்று மொபெட்டை அப்படியே திருப்பிவிட்டேன்.

துப்பட்டாவின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தேன். குளியலறைப் பக்கமிருந்து ஆயா ஓடி வந்தார்.

"ஐயோ சார், நீங்க வரீங்கன்னு யாரும் சொல்லலையே!"

"எதுக்கும்மா கட்டினீங்க?"

"கட்டலன்னா விழுந்துடுது சார். பன்னெண்டு பேருக்கு நான் ஒருத்தி. ஒருத்தருக்குக் கழுவிட்டு இருக்கேன், அங்க ஒருத்தர் கத்துறாங்க. எனக்கு என்ன நாலு கையா?" என்றவர், குரல் தணிந்து, "நானே இன்னும் சாப்பிடல சார்" என்றார்.

இல்லத்தை நடத்திய அம்மையார் அரை மணி நேரம் கழித்து வந்தார். படித்தவர், மெதுவாகப் பேசுபவர். துப்பட்டாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே சார்" என்றார்.

அந்த வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. தொழிற்சாலையில் என் வேலையே வந்து இறங்கும் உதிரிப் பாகங்களைச் சோதித்து வாங்குவது. பெட்டியின் மேல் அடுக்கில் நல்லதை வைத்து அனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் கையை அடிவரை விட்டு எடுத்துத்தான் பார்ப்பேன். எந்தப் பெட்டியைத் திறப்பேன் என்று ஒருவரிடமும் முன்கூட்டிச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் இரண்டு வருடம், என் சொந்தப் பெண்ணைப் பார்க்க, முதல் நாளே போன் செய்துவிட்டுப் போயிருக்கிறேன். அவள் மெலிவதைக் கேட்டபோது "சாப்பாடு பிடிக்கறதில்ல சார்" என்றார்கள். நம்பினேன். நன்றி சொல்லி இனிப்புப் பெட்டியும் கொடுத்தேன்.

அன்றே அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பத்தாம் நாள் மாலை நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது, மனைவியும் மகளும் குளியலறைத் தரையில் இருந்தார்கள். தூக்கப் போய் இருவரும் சரிந்திருக்கிறார்கள். மூன்று மணியிலிருந்து அப்படியே. மகள் அம்மாவின் மடியில் தூங்கிவிட்டிருந்தாள்.

"திரும்ப அங்கயே விடலாமா?" என்றேன்.

"விடலாம். ஆனா இந்தத் தடவ கண்ண மூடிட்டு விடக் கூடாது" என்றாள்.

அதற்கு முன் வேறு நான்கு இடங்களைப் போய்ப் பார்த்தேன். எல்லா இடத்திலும் பிரார்த்தனைக் கூடத்தைக் காட்டினார்கள், அறங்காவலர்களின் படங்களைக் காட்டினார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் ஓர் ஆயாவுக்கு எத்தனை பேர் என்று கேட்டால் டீ கொண்டுவரச் சொன்னார்கள். அவளைப் பழைய இல்லத்திலேயே விட்டேன். அங்கே குறையாவது எனக்குத் தெரிந்திருந்தது.

சேர்ப்பதற்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, அடுத்த இரண்டாம் ஞாயிறு பெற்றோர்களிடம் கொடுத்தேன். ஊட்டிவிடுவது யார்? கீழே விழுந்தால் எங்கே எழுதுகிறீர்கள், எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்? மூன்றாவது, பெற்றோருக்கானது: மதியம் இரண்டு மணிக்கு உங்கள் பிள்ளையின் பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியுமா? கடைசியில் ஒரு யோசனையும் எழுதியிருந்தேன். சொல்லாமல் வருவோம், முறை போட்டு, சாப்பாட்டு நேரத்தில். வருபவர் யார் பிள்ளைக்கு வேண்டுமானாலும் ஊட்டட்டும்.

பெற்றோர்களில் மூத்தவர் கோட்டு அணிந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவர் என்ன சொல்கிறாரோ அதைத்தான் மற்றவர்கள் சொல்வார்கள். தாளைப் படித்துவிட்டு நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"சார், இது உங்க ஃபேக்டரி இல்ல, போல்ட்டு நட்டு செக் பண்றதுக்கு. என் பையனுக்கு நாப்பது வயசு. எனக்கு எழுபத்தி ரெண்டு. கோவிச்சுக்கிட்டு வெளிய அனுப்பிட்டாங்கன்னா, நீங்க வெச்சுப் பாத்துப்பீங்களா?"

அவர் பயந்ததற்குத்தான் நானும் பயந்தேன்.

ஒரே ஒருத்தி மட்டும் கூட வருவதாகச் சொன்னாள். ஸ்ரீராம்புரத்துப் பெண், மாநகராட்சியில் தெருப் பெருக்கும் வேலை. அவள் தம்பி அங்கே இருந்தான். "பத்தரைக்கு எனக்கு வேலை முடிஞ்சுடும்ணா. வீட்டுக்குப் போனா தூக்கம்தான். அது எங்க போகுது?" என்றாள். இரண்டு பஸ் மாறி வருவாள். செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் இருவரும் போனோம். நான் காலை ஷிஃப்டை மாலைக்கு மாற்றிக்கொண்டேன். ஆயாவுக்கு இரண்டு ஜோடிக் கைகள் வந்ததில் சந்தோஷம். நான் ஊட்டுவதைப் பார்த்து அந்தப் பெண் சிரிப்பாள். "அண்ணா, என்ன மிஷினுக்கு ஆயிலா விடறீங்க? வாயத் தொறக்கட்டும், இருங்க."

மூன்று வாரத்தில் என் மகளின் தட்டு காலியாகத் தொடங்கியது. நான்காவது வாரம் அம்மையார் கூப்பிட்டார்.

"ஆள் கெடைக்கல சார். எல்லாரும் கார்மெண்ட்ஸுக்குப் போயிடறாங்க. இது சேவை. கடையில சாமான் வாங்கற மாதிரி எங்கள நிக்க வெச்சுக் கேள்வி கேட்டா எப்படி?"

"சேவைக்கும் மாசாமாசம் பணம் வாங்கி ரசீது தரீங்களே மேடம்" என்றேன். அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

எங்கள் இருவருக்கும் கடிதம் வந்தது. விதியை மீறி வருவோர் மாதக் கடைசிக்குள் தங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகலாம். மனைவி அதைப் படித்துவிட்டுக் குளியலறைக் கதவைப் பார்த்தாள். பிறகு, "நாளைக்குச் செவ்வாய். டிபன் சீக்கிரம் வெச்சுடறேன், கெளம்புங்க" என்றாள்.

மறுநாள் கேட்டில் பூட்டு. மேடம் சாவியை எடுத்துக்கொண்டார் என்றார் காவலாளி. ஸ்ரீராம்புரத்துப் பெண் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஸ்வல்ப தெகியப்பா, கொஞ்சம் தொறப்பா, சோறு ஆறுது" என்று கன்னடமும் தமிழுமாகக் கெஞ்சிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். உள்ளே தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு ஐம்பது. ஒன்று பத்து. அம்மையார் ஜன்னலருகே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரை அனுப்பிவிடுவது அவருக்குக் கஷ்டமே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போகக் கூடாது என்று நின்றேன்.

ஒன்றரைக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் கைத்தடி இறங்கியது, பிறகு கோட்டு. பெரியவர் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். ஜன்னலில் இருந்த அம்மையார் அங்கிருந்து நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் சாவிக் கொத்தின் சத்தம் கேட்டது.

பெரியவர் என்னைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "மூணாவது கேள்விக்குப் பதில் எழுதலாம்னு உக்காந்தேன் சார். பதினோரு வருஷமா அவன் இங்க இருக்கான். ரெண்டு மணிக்கு அவன் பக்கத்துல யாருன்னு எனக்குத் தெரியல. மத்தவங்களுக்கும் சொல்லியிருக்கேன், வெள்ளிக்கிழமை நாலு பேர் வராங்க. யாருக்கு ஊட்டணும், சொல்லுங்க. நான் போன் பண்ணல."