செக்கிங்கைப் பார்த்துத் திரும்பிய இருவர்

போன வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம், காதர்பேட்டைக்குப் பனியன் வாங்கப் போயிருந்தேன். திருப்பூரிலேயே குடியிருந்துகொண்டு பனியனைக் காசு கொடுத்து வாங்குகிறவன் என்பதிலிருந்தே என் சாமர்த்தியம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

தெருமுனையில் போலீஸ் செக்கிங். என் ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நாட்டில் ஒருவனும் சட்டத்தை மதிப்பதில்லை என்று டீக்கடையில் தினமும் வருத்தப்படுகிற நான், வண்டியை ஒரு கடையோரம் நிறுத்திவிட்டு, பரம யோக்கியனாக நடந்து பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தேன். அதே செக்கிங்கைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்கூட்டியும் அதே சந்துக்குள் வேகமாகத் திரும்பியது. ஓட்டி வந்தது பள்ளிச் சீருடையில் ஒரு பெண். ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. முறிந்தது என் கால் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

அவள் ஓடிப்போகவில்லை. அழுதுகொண்டே ஆட்டோவை நிறுத்தி, ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தாள்.

மாலையில் அவளுடைய அப்பா வந்தார். நெருப்பெரிச்சல் பகுதியில், பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் வைத்திருப்பவர். அவருக்குப் பின்னால் கம்பெனி வேன் டிரைவர், தென்மாவட்டத்துக்காரர், லைசென்சைக் கையில் பிடித்தபடி நின்றார். மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அப்பா என் பக்கத்தில் வந்தார்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. இவரு ஓட்டுனதாச் சொல்லிட்டா உங்க வைத்தியச் செலவு இன்சூரன்ஸ்ல வந்துருமுங்க. புள்ள ஓட்டுனதுன்னா அவங்க கைய விரிச்சுருவாங்க. எம்மேல கேசு, அவளுக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் லைசென்சும் கெடையாதுங்க."

"உங்க லைசென்ஸ் என்னாகும்?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"மொதலாளி பாத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்காக சார்" என்றார், தரையைப் பார்த்து. அவர் வீட்டில் அடுப்பு எரிவது அந்த அட்டையால்தான் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இருந்தும் "சரிங்க" என்றேன். எங்கள் ஊரில் ஒருவர் இவ்வளவு பணிவாகக் கேட்டால் முடியாது என்று சொல்ல நாக்கு வராது. ஆஸ்பத்திரி பில்லும் என் நாக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தது.

ஏட்டு வந்து பேனாவை எடுத்தார். "யாருங்க ஓட்டுனது?"

நான் வாய் திறப்பதற்குள் கதவருகே குரல் கேட்டது. "நான்தானுங்க."

"அம்மணி, வெளிய போ!"

"போறனுங்கப்பா. இந்தண்ணன் அப்ப நம்ம யூனிட்ல நூல் எறக்கிட்டு இருந்தாருங்க. அவரு லைசென்ஸ் போச்சுன்னா எப்படிங்கப்பா பொழைப்பாரு? எனக்கு இன்னும் வராத லைசென்ஸ்தானுங்க. வர்றப்ப வரட்டும்."

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஏட்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

"பொண்ணு சொல்றதுதானுங்க நெசம்" என்றேன். சும்மா இருக்க முடியாமல், "நானும் உங்க செக்கிங்குக்குப் பயந்துதானுங்க அந்தச் சந்துக்குள்ள போனேன்" என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்பா மேல் வழக்கு வந்தது. என் வைத்தியத்துக்கு அவரே செலவு செய்தார். பேச்சில் பழைய பணிவு மட்டும் குறைந்துவிட்டது. அந்தப் பெண் இப்போது டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறாள். என்னைப் பார்த்தால் முதலில் என் காலைத்தான் பார்ப்பாள்.

அன்று டிரைவர் அந்த அட்டையைச் சட்டைப் பையில் போட்டு, பையின் மேல் கையை வைத்தபடியே வெளியே போனார். இப்போதெல்லாம் யாராவது பணிவாக எதையாவது கேட்டால், "சரிங்க" என்று சொல்லும் முன்பு அந்தக் கைதான் என் கண்ணில் வந்து நிற்கிறது.