இழுக்க வேணாம் எண்டு சொன்னவ

சாய்ந்தமருதில் சுல்பிகாவைத் தெரியாத பெண்கள் குறைவு. கிளினிக்குக்குப் போகிறவர்கள், ஒலுவில் கம்பஸுக்குப் போகிற பிள்ளைகள், கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் என்று, ஆண் டிரைவரோடு தனியாகப் போக விருப்பமில்லாத எல்லோரும் அவளுக்குத்தான் போன் எடுப்பார்கள். நாற்பது தாண்டியவள். கறுப்பு அபாயாவும் தட்டைச் சப்பாத்துமாக ஓட்டுகிற ஆசனத்தில் நிமிர்ந்து இருப்பாள். கோபக்காரி என்று ஊரில் பெயர். அது பொய்ப் பெயர் இல்லை. பின் ஆசனத்தில் யாராவது இன்னொருத்தியைப் பற்றிப் புறம் பேசினால், காரை ஓரம் கட்டிவிட்டு, "இறங்குறீங்களா, வாய மூடுறீங்களா?" என்று கேட்பாள். கேட்கப்பட்டவர்கள் அடுத்த கிழமையும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். சொன்ன நேரத்துக்கு வருகிற வேறு ஆள் இல்லை.

அவளுடைய கணவன் சியாம் கல்முனையில் ஒரு பாமஸி வைத்திருந்தான். அவனுக்கு வாகனம் ஓட்டத் தெரியாது; பழகும் எண்ணமும் இல்லை. காலையில் அவள்தான் அவனைக் கடையில் இறக்கிவிடுவாள்.

முதலில் அவளிடம் இருந்தது ஒரு சின்னப் பெற்றோல் கார். நாடு முழுக்கப் பெற்றோல் வரிசையில் கிடந்த வருடம், அவளும் அந்தக் காருக்குள் இருந்து சாப்பிட்டாள், தொழுதாள், தூங்கினாள். வரிசைக்கு நடுவில் புகுந்தவர்களோடு சண்டை பிடித்தாள். கடைசியில் அவளுடைய முறை வரும்போது பெற்றோல் முடிந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சியாமிடம் சொன்னாள்: "இனி ஒருத்தன்ட பைப்புக்கு முன்னால நான் போய் நிக்க மாட்டன்." ஒன்றிரண்டு வருடம் கழித்து, ஏற்கெனவே ஓடிய ஒரு மின்சாரக் காரை வாங்கினாள். வீட்டுச் சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றலாம்.

அந்தக் காரைப் பழக அவளுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. இடது கால், அங்கே இல்லாத கிளச்சைத் தேடிக்கொண்டே இருந்தது. பழைய காரில் என்ஜின் தன் பாட்டில் ஓடும். அதைச் சில்லோடு சேர்ப்பதும் பிரிப்பதும் அந்தக் காலின் வேலை. புதியதில் பிரிக்க ஒன்றுமே இல்லை. மோட்டாரும் சில்லும் ஒரே பல்சக்கரக் கூட்டத்தால் எப்போதும் பிணைந்து கிடந்தன. கார் நின்றால் மோட்டாரும் நிற்கும். சில்லு உருண்டால் மோட்டாரும் உருளும். கியர் மாற்ற வேண்டியதில்லை. மிதியிலிருந்து காலை எடுத்தால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல வேகம் குறையும்; ஓடிய ஓட்டத்தில் கொஞ்சம் திரும்பப் பெட்டரிக்குள் போகும். அந்த இழுவை அவளுக்குப் பிடித்திருந்தது. நிந்தவூர்ச் சந்தியில் பிரேக்கைத் தொடாமலே மாடுகளுக்குப் பின்னால் கார் அடங்கி நிற்கும்.

அவளுடைய காக்கா, மூத்த சகோதரன் நிப்றாஸுக்கு அது பிடிக்கவில்லை. கல்முனையில் வாகன உதிரிப்பாகக் கடையும் ஒரு சின்ன லொறியும் வைத்திருந்தவன் அவன். தங்கச்சி தன்னிடம் கேட்காமல் கார் வாங்கினாள் என்பது ஒன்று. தான் விற்கிற கிளச் பிளேட்டும் பிளக்கும் அந்தக் காருக்குத் தேவையில்லை என்பது இன்னொன்று. "டோர்ச் லைட் கார்" என்று அதற்குப் பெயர் வைத்தான். அவள் கேட்டும் கேளாதது போல இருந்தாள்.

போன வருடம் ஜூன் மாதம் ஒரு பின்னேரம், நுஸ்ஹா என்ற டீச்சரை அக்கரைப்பற்றில் பல் டொக்டரிடம் கூட்டிப் போயிருந்தாள். காரை ஒரு நெல் ஸ்டோரின் வாசலோரம் விட்டிருந்தாள். நுஸ்ஹா பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாய் நிறையப் பஞ்சோடு வந்து ஏறினாள். சுல்பிகா பட்டனை அமுக்கினாள். ஒரு விளக்கும் எரியவில்லை.

என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே விளங்கியது. காரை ஓட்டுகிற பெரிய பெட்டரி வேறு. அதை எழுப்பிவிடுகிற சின்னப் பெட்டரி வேறு. அது மற்றக் கார்களில் இருப்பது போலச் சாதாரணப் பெட்டரி. பழசாகிவிட்டது, மாற்றுங்கள் என்று கராஜில் சொல்லியிருந்தார்கள். அவள் மாற்றவில்லை.

அதற்குள் நெல் மூட்டையோடு வந்த லொறி உள்ளே போக வழியில்லாமல் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது. ஆட்கள் கூடினார்கள். நிப்றாஸ் அன்றைக்கு டயர் இறக்க அக்கரைப்பற்றுக்கு வந்திருப்பது அவளுக்குத் தெரியும். போன் எடுத்தாள். பிறகு அதை நினைத்துத்தான் அவளுக்கு அதிகம் எரிந்தது. கூப்பிட்டது அவளேதான்.

நிப்றாஸ் லொறியோடு வந்து இறங்கினான்.

"காக்கா, சின்னப் பெட்டரிதான் செத்திரிக்கி. பெருசுல சார்ஜ் இரிக்கி. அங்க நிக்கிற ஓட்டோட பெட்டரியில இருந்து வயர் குடுத்தாப் போதும், எழும்பிரும்."

"ஓட்டோ பெட்டரியில காரா?" நிப்றாஸ் ஆட்களைப் பார்த்துச் சிரித்தான். "தள்ளி ஸ்டார்ட் பண்ணுவம். வாங்க தம்பி."

"தள்ளி ஸ்டார்ட் பண்ண இதில என்ஜின் இல்ல. தள்ளவும் ஏலாது. சில்லு பூட்டிக் கிடக்கு."

"நியூட்ரலுக்குப் போடு."

"கரண்ட் இல்லாம இதில நியூட்ரல் இல்ல காக்கா. கரண்ட் வந்தாத்தான் பூட்டுக் கழறும்."

"நியூட்ரல் இல்லாத வாகனம் உலகத்துல இல்ல."

ஆறேழு பேர் சேர்ந்து தள்ளினார்கள். கார் அசையவில்லை. நிப்றாஸ் லொறியிலிருந்து சங்கிலியை எடுத்து வந்து முன்பக்கம் கொழுவினான். சுல்பிகா இறங்கிப் போய்ச் சங்கிலிக்கு முன்னால் நின்றாள்.

"இழுக்க வேணாம். உள்ளுக்கு உடையும்."

"அங்கால போ. ஆம்புளயள் பாத்துட்டு நிக்காங்க."

"பாக்கட்டும். இழுக்க வேணாம் எண்டு சொல்றன்."

அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, ஆட்டை நகர்த்துவது போல ஓரத்துக்கு நகர்த்தினான். அவ்வளவு பேருக்கு முன்னால். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவன் ஏ.எல். பரீட்சை எழுதியவன். அந்தப் பிடி கொஞ்ச நேரந்தான். ஆனால் அவள் கையை உதறிக்கொண்டு திரும்புவதற்குள் அவன் லொறியில் ஏறிவிட்டான். நுஸ்ஹா மட்டும் காருக்குள் இருந்து இறங்கி, கைகளை விரித்து ஏதோ தடுத்தாள். விறைத்த வாயிலிருந்து வந்தது யாருக்கும் விளங்கவில்லை.

லொறி இழுத்தது. முன் டயர் இரண்டும் தார் ரோட்டில் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டு தேய்ந்தன. நிப்றாஸ் லொறியைப் பின்னுக்கு எடுத்துச் சங்கிலியைத் தளர்த்தி, ஒரே வெட்டாக முன்னுக்கு இழுத்தான். காரின் அடிவயிற்றில் தேங்காய் உடைவது போல ஒரு சத்தம். பிறகு கார் தாராளமாக உருண்டது. ஆட்கள் கை தட்டினார்கள். அதன் அடியிலிருந்து எண்ணெய் சொட்டியது.

"எண்ணெய் இல்லாத கார் எண்டுதானே சொன்னாங்க?" என்றான் ஒருவன்.

நிப்றாஸ் குனிந்து பார்த்தான். "பழைய சாமான். எண்டைக்கோ உடைய இருந்தது," என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைச் சுருட்டினான்.

காரைத் தட்டு லொறி ஒன்றில் ஏற்றி, கல்முனையில் செல்லத்தம்பியின் கராஜில் இறக்கினார்கள். சின்னப் பெட்டரியை மாற்றச் சொன்னவர் அவர்தான். பல்சக்கரப் பெட்டியைக் கழற்றித் துடைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். ஒரு பெரிய சக்கரம். அதன் பற்களுக்கிடையில் போய்க் கொழுவுகிற விரலளவு இரும்பு முறிந்து கிடந்தது. அது கொழுவியிருந்த பக்கத்தில் பெட்டியின் கோதும் வெடித்திருந்தது.

"பார்க்கில போட்டா இந்த விரல்தான் தங்கச்சி சில்லப் பிடிச்சிருக்கு. பிடிச்ச பிடிய விடச் சொல்ல ஒரு சின்ன மோட்டார் இருக்கு, அதுக்குக் கரண்ட் வேணும். கிளச் வண்டியெண்டா லீவரத் தட்டி விட்டுட்டு இழுக்கலாம். இதில லீவர் மாதிரி இருக்கிறது வெறும் சுவிட்ச்."

"எனக்குத் தெரியும் அண்ணன். நான் சொன்னன்."

"சொல்லியும் இழுத்தவங்களா?"

அவள் முறிந்த இரும்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வாயைத் திறந்தால் கராஜில் நின்று கத்திவிடுவாள் போலிருந்தது.

பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டியிருந்தது. அது வரும்வரை அவள் வீட்டில் இருந்தாள். அந்த நாட்களில்தான் கதை ஊரைச் சுற்றியது. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது சியாம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"கடைக்கு வந்த ஒருத்தர் கதைச்சாரு. நீ பார்க்கில வெச்சிட்டு மறந்துபோய் இழுக்கச் சொன்னியாம். காக்கா வேணாம் எண்டு சொன்னவராம்."

சுல்பிகா கையை உதறினாள். "ஆர் சொன்ன?"

"காக்கா பள்ளிவாசல்ல சொன்னதாம்."

"நீங்க அந்தாளுக்கு என்ன சொன்னீங்க?"

"பனடோல் கேட்டாரு. குடுத்தன்."

அவள் கணவனைப் பார்த்த பார்வையில் சியாம் எழும்பிப் போய்க் கை கழுவினான். மறுநாள் காலை அவள் ஓட்டோ பிடித்து நிப்றாஸின் கடைக்குப் போனாள். கடையில் அவன் மட்டும் இருந்தான்.

"வா. ஒனக்குத்தான் போன் எடுக்க இருந்தன். அந்தப் பாகத்துக்குக் காசு நான் குடுக்கன். கவலப்படாத."

"பாகம் எனக்கு வேணாம். பள்ளியில என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொன்ன?"

"நான் உடைச்சதாச் சொல்லியிரிக்கீங்க. பெட்டரிய மாத்தாம விட்டது நான். அது என்ட பிழ. எங்கயும் வந்து சொல்லுவன். உடைச்சது நீங்க. என்ட கையப் பிடிச்சித் தள்ளிட்டு உடைச்சீங்க. ஆருக்கிட்டப் பொய் சொன்னீங்களோ அவங்களுக்கிட்டப் போய் அதச் சொல்லுங்க."

"ஒரு இரும்புத் துண்டுக்கா இந்தச் சத்தம்? நான் குடுக்கன் எண்டு சொல்றன்தானே."

"நான் இரும்பக் கேக்கல்ல."

"சுல்பிகா, நான் ஒனக்குக் காக்கா."

"ஓம். அதாலதான் நீ செஞ்சது இன்னும் மோசம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை 'நீ' என்றாள். இரண்டு பேருக்கும் அது கேட்டது. அவள் வெளியே வந்து, வெயிலில் பஸ் நிறுத்தம்வரை நடந்தாள்.

பின்னேரம் உம்மா போன் எடுத்தார். சபியா உம்மா மகன் நிப்றாஸோடுதான் இருக்கிறார்.

"அவன் ஆம்புளப் புள்ள, நாலு பேரோட பொழங்கிறவன். அவன்ட மானத்தப் பாக்கணும் மகள். நீ கொஞ்சம் உட்டுக்குடு."

"என்ட மானம் எங்க போச்சு உம்மா? நானும் ஊருக்குள்ளதானே கார் ஓட்டுறன்?"

"பொம்புளைக்கு அது வேற."

அதற்குப் பிறகு சுல்பிகா அந்த வீட்டுக்குப் போகவில்லை. கார் சரியாகி வந்தது. பாகத்துக்கு நிப்றாஸ் அனுப்பிய காசைத் திருப்பி அனுப்பினாள். வழக்கமாக வருகிறவர்களில் சிலர் வேறு ஆட்களிடம் போய்விட்டிருந்தார்கள். "உங்களுக்கு அந்தக் கார் சரியா ஓட்டத் தெரியாதாமே" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். நுஸ்ஹா டீச்சர் பள்ளிக்கூடத்தில் கண்டவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னாள். அவள் சொன்னது பெண்களுக்குள் சுற்றியது. பள்ளிவாசலில் சொன்னது ஆண்களுக்குள் சுற்றியது. அடுத்து வந்த நோன்புப் பெருநாளுக்கு உம்மாவை வாசலில் கூப்பிட்டு ஸலாம் சொல்லிவிட்டு, உள்ளே ஏறாமல் வந்தாள். நிப்றாஸ் ஜன்னலுக்குள் நின்றிருந்தான்.

பெருநாள் கழிந்து சில கிழமைக்குப் பிறகு, ஒரு பகல், அவன் பெயர் போனில் வந்தது. அடித்து ஓயவிட்டாள். திரும்பவும் வந்தது.

"என்ன?"

"வினாயகபுரத்தில நிக்கன். கடைக்கு வாற ஒருத்தர்ட கார். ஒன்ட மாதிரித்தான், மின்சாரம். அப்படியே செத்துப்போய் நிக்கி. லொறியோட வரச் சொன்னாரு. இங்க இரிக்கிறவங்க இழுக்கச் சொல்றாங்க." குரலைத் தாழ்த்தினான். "என்ன செய்யணும்?"

சுல்பிகா ஒலுவிலில், கம்பஸுக்கு முன்னால் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தாள். வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது, சிரிக்கவில்லை.

"பக்கத்துல ஆக்கள் நிக்காங்களா?"

"ஓம்."

"போன ஸ்பீக்கர்ல போடுங்க. என்ட கார ஆர் உடைச்ச எண்டு அவங்களுக்குச் சொல்லுங்க. பொறகு நான் சொல்றன்."

"இப்ப அதுக்கா நேரம்?"

"அப்ப இழுங்க."

யாரோ "என்னவாம்?" என்று கேட்டார்கள். பிறகு நிப்றாஸின் குரல், போனிலிருந்து தள்ளி, வேறு யாருக்கோ சொல்வது போல வந்தது.

"என்ட தங்கச்சிட கார நான் இப்பிடித்தான் இழுத்து உடைச்சன். அவ வேணாம் எண்டு சொன்னவ. நான் கேக்கல்ல."

"பள்ளியில சொன்னது?"

"அது பொய்."

அவள் ஒரு மூச்சு எடுத்தாள்.

"லொறிட பெட்டரியில இருந்து குடுக்காதீங்க, அது இருபத்துநாலு வோல்ட், எரிஞ்சிரும். ஓட்டோ ஒண்டப் பிடிங்க. இதில சுத்தி எழுப்ப என்ஜின் இல்ல, அதால கொஞ்சக் கரண்ட் போதும். வயரக் குடுத்துட்டு பிரேக்க அமுக்கி ஸ்டார்ட் பட்டன அமுக்கச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டாள். கார் எழும்பியதா என்று அவன் திரும்ப எடுத்துச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அன்று மாலை உம்மா எடுத்தார்.

"அவன் சொல்லிட்டானாமே. அதுவும் பிற ஊருல, பிற ஆக்களுக்கு முன்னால. இப்ப சந்தோசமா ஒனக்கு?"

"இல்ல உம்மா."

"இன்னும் என்ன வேணும்?"

சாய்ந்தமருதுப் பள்ளியில் கேட்டவர்கள் வினாயகபுரத்தில் நிற்கவில்லை என்று சொல்ல வந்தாள். உம்மாவுக்கு அது விளங்காது என்று விட்டுவிட்டாள்.

இப்போது அவள் உம்மா வீட்டுக்குப் போகிறாள். நிப்றாஸ் இருந்தால் ஸலாம் சொல்கிறாள், தேவையானதைக் கதைக்கிறாள். திரும்பவும் அவனை 'நீங்க' என்றுதான் சொல்கிறாள். கோபம் தீர்ந்ததா என்று சியாம் ஒரு நாள் கேட்டான்.

"கொறஞ்சிரிக்கி," என்றாள். "போகல்ல."

சியாம் தலையாட்டினான். அவள் சார்ஜ் வயரைச் செருகிவிட்டு, சோறு போட உள்ளே போனாள்.