நாப்பத்தேழாம் கட்டத்துக்கு ஒரு சோம்பேறி

டைம்கீப்பர் அக்காகிட்ட மணி என்னன்னு கேட்டா கடிகாரத்தப் பாக்க மாட்டாங்க, ஜன்னலப் பாப்பாங்க. "பன்னெண்டாம் நம்பர் இப்பத்தான் வளைவுல திரும்புது. அதுல இன்னிக்கு மீசைக்கார டிரைவர். மூணு நிமிஷம் லேட்டாத்தான் வருவாரு. அப்போ பத்து இருவத்தி மூணு"ம்பாங்க. நாம நம்பாம செல்லை எடுத்துப் பாத்தா பத்து இருவத்தி மூணுதான் இருக்கும். அக்கா அதுக்குள்ள அடுத்த காகிதத்துல கோடு போட ஆரம்பிச்சிருப்பாங்க.

பஸ் டிப்போவுல நேர அட்டவணை போடறதுதான் அவங்க வேலை. பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு மேசை, ஒரு நீளமான ஸ்கேல், சுவரு முழுக்க கட்டம் போட்ட அட்டை. எந்த வண்டி எந்த ஸ்டாப்புக்கு எத்தனை மணிக்கு வரும்னு எழுதணும். ரோட்ட வச்சு மட்டும் கணக்குப் போட்டா அது வேலைக்கு ஆகாதுங்கறது அக்காவோட கட்சி. ஆள வச்சுப் போடணும். ஒருத்தர் பாலம் வந்தாலே பத்தடி முன்னாடி பிரேக்க மிதிப்பாரு. இன்னொருத்தர் ஊரெல்லாம் ஆமை மாதிரி உருட்டிட்டு, மாமியார் வீட்டுத் தெருவுல மட்டும் பறப்பாரு. அக்காவுக்கு எல்லாம் அத்துப்படி.

ஸ்டாப்புல நிக்கிற சனத்துக்கு மட்டும் அக்காவத் தெரியாது. வண்டி சரியா வந்தா "ஏதோ இன்னிக்கு வந்துட்டான்"ம்பாங்க. வரலன்னா "எவன்யா இந்த டைம எழுதினது?"ம்பாங்க. அட்டவணையில பேரு போடற வழக்கம் கிடையாது.

அக்கா எழுதினதுன்னு பேரோட இந்த உலகத்துல இருந்தது ஒரே ஒரு வரிதான். அது விண்வெளியில இருந்துச்சு.

விண்வெளின்னா, சைக்கிள் கடைக்கு மேல மாடி ஹால். ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு ரெண்டு மேசைய ஒட்டிப் போட்டு, கருப்புத் துணி விரிச்சு, சாக்பீஸ்ல நூறு கட்டம் போட்டா விண்வெளி ரெடி. நடுவுல கவுத்து வச்ச ஸ்டீல் தட்டு ஒரு கிரகம். அக்காவோட கப்பலுங்க எல்லாம் பழைய பஸ்ஸுல இருந்து கழட்டின பெல் பட்டனுங்க. எதிர்ல கண்ணாடிக்காரர், அதாவது மெயின் ரோட்டுல மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கறவரு. அவரோட தலைமைக் கப்பல் ஒரு பெரிய கண்ணாடிக்கூடு. அதுக்கு அவரு வச்ச பேரு ராஜா.

இந்த விளையாட்டுக்கு விதி எழுதினது மருந்துக்கடைத் தம்பி. விதி கேட்டாலும் அவரு மருந்துச் சீட்டு மாதிரியேதான் சொல்லுவாரு. "முதல்ல சீட்டு பிரிக்கறது. அப்புறம் நகத்தறது. கடைசியில சுடறது. ஒரு சுத்துக்கு ஒரு வேளைதான். மாத்திப் போட்டுடாதீங்க, ஒத்துக்காது."

அந்த விதிப் புத்தகத்துல பதினாலாவது பக்கத்துல ஒரு ஏவுகணை. கண்டுபிடிச்சது டைம்கீப்பர்னு பக்கத்துலயே போட்டிருக்கும். மத்த ஏவுகணையெல்லாம் கண்ணுக்கு நேரா இருக்கற கப்பல அந்த நிமிஷமே அடிக்கும். இது அப்படி இல்ல. ஒரு துண்டுச் சீட்டுல ஒரு கட்டத்தோட நம்பரையும் ஒரு சுத்தோட நம்பரையும் எழுதி, மடிச்சு, தம்பிகிட்ட குடுத்துடணும். குறைஞ்சது நாலு சுத்து தள்ளி இருக்கணும். அந்தச் சுத்து வந்ததும் சீட்ட பிரிப்பாங்க. அந்தக் கட்டத்துல எந்தக் கப்பல் நின்னாலும் காலி. ஒண்ணும் நிக்கலன்னா வெறும் வாணவேடிக்கை.

ஹால்ல அதுக்கு வச்ச பேரு சோம்பேறி. அக்காவத் தவிர யாரும் எடுக்கறதில்ல. அக்காவும் ஆறு மாசமா விட்டுப் பாத்து ஒரு கப்பலையும் தொட்டதில்ல.

புதுப் பதிப்பு அச்சுக்குப் போகப் போவுதுன்னு தம்பி சொன்ன அன்னிக்கு கண்ணாடிக்காரர் எழுந்து நின்னாரு. அவருக்கு ஒரு பழக்கம். கடையில கண்ணுக்கு டெஸ்ட் பண்ற மாதிரியே வாதாடுவாரு.

"இங்க பாருங்க. சோம்பேறி இருக்கற புத்தகம். சோம்பேறி இல்லாத புத்தகம். எது தெளிவா இருக்கு? முன்னதா, பின்னதா? இன்னொரு தடவ பாருங்க... முன்னதா? பின்னதா?"

ஹாலே சிரிச்சிடுச்சு. அக்காவும் சிரிச்சாங்க. ஆனா பேனாவ மூடி வச்சாங்க. அவங்க பேனாவ மூடினா டிப்போ மேனேஜரே நாற்காலிய விட்டு எழுந்திடுவாரு.

"அண்ணே, அடுத்த வாரம் உங்க கூட ஒரு ஆட்டம். ஒரே ஒரு சோம்பேறி எடுத்துக்கறேன். அது உங்க ராஜாவ அடிச்சா பதினாலாம் பக்கம் அப்படியே இருக்கணும். அடிக்கலன்னா நானே கிழிச்சுத் தரேன்."

"டைம்கீப்பரம்மா, யோசிச்சுப் பேசுங்க. அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"வருத்தமா? எனக்கா? பதினோரு வருஷமா பஸ்ஸுக்கு நேரம் போடறேண்ணே. கண்ணாடிக்கூட்டுக்குப் போட மாட்டேனா?"

வீட்டுல சொன்னப்போ அக்காவோட வீட்டுக்காரர் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. அவரு ஏ.சி. மெக்கானிக். "ஊர்ல எல்லாரும் ராக்கெட் விடறாங்க, நீ தபால் போடறே. அதுவும் விலாசத்துல ஆள் இருப்பானான்னு தெரியாமலே!"

"தெரியாமலா? இத பாருங்க." அக்கா ஒரு நோட்ட எடுத்துப் போட்டாங்க. ஆறு மாசமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கண்ணாடிக்காரர் ராஜாவ எங்கெங்க நகத்தினாருன்னு, வண்டிக்கு எழுதற மாதிரியே டிரிப் ஷீட் போட்டு வச்சிருந்தாங்க.

"முதல் மூணு சுத்து இடது பக்கமே சுத்துவாரு. நாலாவது சுத்துல கீழ இருந்து டீ வரும். டீ கிளாஸ எங்க வைப்பாரு? இடது மூலையில, துணி மேலயே. அங்க கிளாஸ் உக்காந்துடுச்சுல்ல? அதுக்கப்புறம் ராஜாவுக்கு அந்தப் பக்கம் வழி இல்ல. கிரகத்துக்கு வலது பக்கமாத்தான் வந்தாகணும். நாலுல நாப்பத்தஞ்சு, அஞ்சுல நாப்பத்தாறு, ஆறுல நாப்பத்தேழு. ஒரு வாரம் கூட மாறல."

வீட்டுக்காரர் நோட்டப் புரட்டிப் பாத்தாரு. முகத்துல இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சுது. "ஏம்மா... எனக்கும் இப்படி ஒரு நோட்டு வச்சிருக்கியா?"

"உங்களுக்கு எதுக்கு நோட்டு? நீங்க மூணே ஸ்டாப்பு. வேலை, டிவி, கட்டில்."

ஞாயித்துக்கிழமை ஹால்ல நிக்க இடமில்ல. சைக்கிள் கடைக்காரரே கடையப் பாதி மூடிட்டு மேல வந்துட்டாரு. ரெண்டாவது சுத்துல அக்கா சீட்டு எழுதினாங்க. நாப்பத்தேழு, ஆறு. மடிச்சாங்க, தம்பிகிட்ட குடுத்தாங்க, பெல் பட்டன ஒரு கட்டம் தள்ளி வச்சாங்க.

மூணாவது சுத்து ஆரம்பிக்கறப்போ தம்பி வழக்கம்போல ஒப்பிச்சாரு. "முதல்ல சீட்டு. அப்புறம் நகத்தறது. கடைசியில சுடறது."

அக்காவுக்கு அப்பத்தான் உறைச்சுது.

சீட்டு முதல்ல. ஆறாவது சுத்துல ராஜா நாப்பத்தேழுக்கு வரதுக்கு முன்னாடியே சீட்ட பிரிச்சிடுவாங்க. அந்த நேரத்துல ராஜா நாப்பத்தாறுலதான் நிக்கும். அக்கா எழுதியிருக்க வேண்டியது ஏழு. டிப்போ அட்டவணையில ஸ்டாப்புக்கு நேரா வண்டி வந்து சேர்ற நேரத்தத்தான் எழுதுவாங்க. பதினோரு வருஷமா எழுதின கை, இங்கயும் வந்து சேர்ற நேரத்தையே எழுதிடுச்சு. அதுவும் எந்த ஏவுகணையில? அவங்களே கண்டுபிடிச்ச ஏவுகணையில.

மத்தவங்களா இருந்தா அங்கயே முகம் செத்திருக்கும். அக்கா தண்ணி பாட்டில எடுத்து நிதானமா ரெண்டு மடக்கு குடிச்சாங்க. சீட்ட மாத்த முடியாது. அப்போ வண்டியத்தான் மாத்தணும். ராஜாவ ஒரு சுத்து முன்னாடியே நாப்பத்தேழுக்கு வர வைக்கணும். ஒரு பஸ் எதனால நேரத்துக்கு முன்னாடி வரும்? நடு ஸ்டாப்புல ஏற ஆள் இல்லன்னா வரும். ஆள் இல்லாத இடத்துல எந்த டிரைவர் நிறுத்துவாரு?

நாலாவது சுத்துல டீ வந்துது. கிளாஸ் இடது மூலையில உக்காந்துது. ராஜா நாப்பத்தஞ்சுக்கு வந்துது. அதுவரைக்கும் எல்லாம் நோட்டுல எழுதினபடியே.

அந்த நாப்பத்தாறுகிட்டதான் அக்காவோட ரெண்டு சண்டைக் கப்பல் நின்னுது. கண்ணாடிக்காரர் அங்க நின்னு அதுங்கள சுடறதாத்தான் திட்டம். ஒரு சுத்துல ராஜா ரெண்டு கட்டம் வரைக்கும் போகலாம். ஆனா சுட ஆள் இருந்தா அவரு ஒரு கட்டத்துக்கு மேல நகர மாட்டாரு.

அஞ்சாவது சுத்து. முதல்ல நகத்த வேண்டியது அக்கா. ரெண்டு சண்டைக் கப்பலையும் எடுத்து, தூரமா, கிரகத்துக்குப் பின்னாடி கொண்டு போய் வச்சாங்க. சரக்குக் கப்பல மட்டும் துணையில்லாம அம்பத்தெட்டுல விட்டாங்க. நாப்பத்தேழுல நின்னா அத சுடலாம். நாப்பத்தாறுல நின்னா எட்டாது.

"ஐயய்யோ!" கண்ணாடிக்காரர் டீய உறிஞ்சாரு. "டைம்கீப்பரம்மா ஓடறாங்கப்பா! சரக்குக் கப்பலக் கூட விட்டுட்டு ஓடறாங்க! சோம்பேறிய நம்பினா இப்படித்தான். ஏம்மா, பயமா?"

"நீங்க வர்ற வேகத்தப் பாத்தா யாருக்குத்தான் பயம் வராதுண்ணே?"

"பாத்துக்கங்க எல்லாரும்! ராஜா ஒரே தாவுல..." அவரு கை நாப்பத்தாற தாண்டுச்சு. தாண்டி, அந்தரத்துல ஒரு நொடி நின்னுது. அக்கா மூச்சு விடல. ஆனா கண்ணு மட்டும் சரக்குக் கப்பலையே, பறி போகப் போற சொத்து மாதிரி, பரிதாபமாப் பாத்துது.

டொக். நாப்பத்தேழு.

சரக்குக் கப்பல் வெடிச்சுது. ஹால்ல கைதட்டல். கண்ணாடிக்காரர் நாலு பக்கமும் திரும்பிக் கும்பிடு போட்டாரு.

"ஆறாவது சுத்து"ன்னாரு தம்பி. "முதல்ல சீட்டு." பிரிச்சாரு. படிச்சாரு. மூக்குமேல கண்ணாடியத் தள்ளிவிட்டுட்டு திரும்பப் படிச்சாரு. "கட்டம் நாப்பத்தேழு."

கண்ணாடிக்காரர் வாயில இருந்த டீ உள்ளயும் போகல, வெளியயும் வரல.

அக்கா கை நீட்டி ராஜாவ எடுத்து, துணிக்கு வெளிய, பத்திரமா வச்சாங்க. "அண்ணே, ஒரு விஷயம் சொல்லிடறேன். நான் தப்பா எழுதிட்டேன். ஏழுன்னு எழுதியிருக்கணும். நீங்கதான் சீக்கிரம் வந்து காப்பாத்தினீங்க."

"என்னது? தப்பா?" கண்ணாடிக்காரர் துள்ளினாரு. "கேட்டீங்களா? அவங்களே ஒத்துக்கறாங்க! அப்போ இது செல்லாது! குருட்டாம்போக்குல பட்டுடுச்சு!"

"குருட்டாம்போக்கா? என் ரெண்டு கப்பல எதுக்குண்ணே ஒதுக்கினேன்? உங்களுக்கு ரோடு போட்டுக் குடுத்தேன். சரக்குக் கப்பல எதுக்கு விட்டேன்? சீக்கிரம் வாங்கன்னு கூப்பிட்டேன். எழுதினது தப்புதான். வரவழைச்சது தப்பா?"

எல்லாரும் தம்பியப் பாத்தாங்க. தம்பி சீட்டையும் ராஜாவையும் மாறி மாறிப் பாத்தாரு. "சீட்டுல இருக்கறதுதான் மருந்து. மனசுல இருந்தத நான் குடுக்க முடியாது. பதினாலாம் பக்கம் அப்படியே இருக்கும்."

சைக்கிள் கடைக்காரர் விசிலடிச்சாரு. அக்கா அலட்டிக்கல. பேனாவத் திறந்து புத்தகத்த இழுத்து, பதினாலாம் பக்கத்துல தன் வரிக்குக் கீழயே இன்னொரு வரி சேத்தாங்க: சீட்டு முதல்ல பிரிக்கப்படும்; வந்து சேரும் சுத்தை எழுதாதீர்கள், அதற்கு அடுத்த சுத்தை எழுதவும். "தம்பி, இதுக்கும் என் பேரப் போட்டுடுங்க. இந்தத் தப்ப முதல்ல பண்ணினது நான்தானே."

கண்ணாடிக்காரர் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, ராஜாவத் துடைச்சுத் துணி மேல வச்சாரு.

"இன்னொரு ஆட்டம். தம்பி, எனக்கு ரெண்டு சோம்பேறி குடுங்க."

"தாராளமா எடுத்துக்கங்கண்ணே"ன்னாங்க அக்கா, பெல் பட்டனுங்கள வரிசையா அடுக்கிக்கிட்டே. "ஆனா என்னப் பத்தி ஆறு மாசம் நோட்டு எழுதிட்டு வாங்க. இன்னிக்கு விட்டா வாணவேடிக்கைதான் பாப்பீங்க."