காற்று திருப்பாத ஆன்டெனா

ஓடிப்போனாளாம்! காலை ஏழரை மணிக்கு, தெரு முழுக்க ஆள் நடமாடும்போது, முன்வாசல் வழியாக இரண்டு பெட்டிகளை உருட்டிக்கொண்டு நடந்து போனவளை ஓடிப்போனவள் என்று சொன்னால் அந்த நாக்கை என்ன செய்வது? மாடி வீட்டுக்காரிதான் ஆரம்பித்து வைத்தாள். "கிழவிக்குத் துணையா ஒரு டிவியை வச்சுட்டு மருமக கம்பியை நீட்டிட்டா" என்று படிக்கட்டில் நின்று யாரிடமோ சொன்னாள். எனக்குக் கெட்டுப்போனது முட்டிதான், காது இல்லை. "அவ கம்பியை நீட்டினது உன் வீட்டுக்கும் சேர்த்துத்தான்டி. அதுலதான் நீ தினமும் ரெண்டு தொடர் பார்த்து மூக்கைச் சிந்துற" என்று கீழேயிருந்தே கத்தினேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. "பாட்டி, கொஞ்சம் கோபத்தைக் குறைச்சுக்கிட்டுச் சொல்லுங்க" என்கிறாள். குறைக்க மாட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாது, பேச்சுத் தெரியும். நடந்தது நடந்தபடி காகிதத்தில் ஏறட்டும். இதில் என் தப்பும் வரும், அதையும் விடாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

மருமகள் என் மகனைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வாரமே அவன் அவளுக்குத் திருப்புளி என்று பெயர் வைத்துவிட்டான். மற்றப் பெண்கள் கைப்பையில் சீப்பு இருக்கும், கண்ணாடி இருக்கும். இவள் பையில் ஒரு சின்னத் திருப்புளி. ஆடுகிற வாணலிப் பிடி, கிறீச்சிடுகிற கதவுக் கீல், எதைக் கண்டாலும் பை திறந்துவிடும். "உன் தலையில ஒரு ஸ்க்ரூ லூசாயிருக்கு, அதைப் பாரு முதல்ல" என்பான் அவன். "அது பிறக்கும்போதே உங்களுக்குக் கழண்டது, எனக்கில்ல" என்பாள் இவள். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில் மூன்று நாள் காய்ச்சலில் அவன் போய்விட்டான். பிள்ளை குட்டி கிடையாது. கையோடு கூட்டிக்கொண்டு போவதற்கு அவள் அண்ணன் வண்டி பிடித்து வந்து நின்றான். "இருண்ணே, அத்தைக்கு முட்டிக்கு மருந்து தேய்ச்சுட்டு வர்றேன், அப்புறம் பேசலாம்" என்றாள். அவன் வாசலில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு வெறும் வண்டியோடு போனான். அந்த 'அப்புறம்' ஆறு வருஷம் நீண்டது.

பெரிய சாலையில் இருக்கிற டிவி சாமான் கடையில்தான் அவளுக்கு வேலை. கேபிள், பின், ரிமோட், ஆன்டெனா என்று சுவர் முழுக்கத் தொங்கும். மற்றவர்கள் ஆன்டெனா என்றதும் இருப்பதில் பெரிதை எடுத்து நீட்டுவார்கள். இவள் வக்கீல் மாதிரிக் கேள்வி கேட்பாள். எத்தனாவது மாடி? ஜன்னல் எந்தப் பக்கம்? எதிரே கட்டடமா, மரமா? டிவி கோபுரம் எவ்வளவு தூரம்? ரொட்டிக்கடைக்காரர் ஒருமுறை, "எனக்கு இருக்கறதுலயே பெரிசு, பூஸ்டரோட குடும்மா" என்று வந்து நின்றார். அவர் வீடு குன்றின் அடிவாரம். தலைக்கு மேலேயே ஒளிபரப்புக் கோபுரம். இவள் கைக்கடக்கமான ஒன்றை எடுத்து வைத்தாள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்னம்மா, என்னைப் பார்த்தா ஏமாந்தவன் மாதிரி இருக்கா?"

"அண்ணே, ஒருத்தர் உங்க காதுல வாயை வச்சுக் கத்தினா புரியுமா, நாலடி தள்ளி நின்னு பேசினா புரியுமா? உங்க வீட்டுல கோபுரம் ஏற்கெனவே கத்துது. பூஸ்டர் போட்டா இன்னும் கத்தும், படம் மொத்தமா போயிடும்."

அவர் நம்பாமல்தான் வாங்கிப் போனார். மறுநாள் ஒரு பை நிறைய ரொட்டி வந்தது வீட்டுக்கு.

எங்கள் தெருவில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அவள் பேர் வெளியே போனது. கேபிள் லைன் நின்றுபோனதும் எல்லாரும் மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்தார்கள். முதலில் வைத்தவர் ஓய்வு பெற்ற கண்டக்டர். அவர் ஆன்டெனாவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்க்க வைத்தார். அடுத்த வீட்டுக்காரர் அவர் ஆன்டெனாவைப் பார்த்து வைத்தார், அதற்கடுத்தவர் இவருடையதைப் பார்த்து. இப்படியே தெருக்கோடி வரை எல்லா ஆன்டெனாவும் வரிசையாகத் தண்ணீர்த் தொட்டியையே முறைத்துக்கொண்டிருந்தன. பாதிச் சேனல் வரும், அதுவும் கட்டம் கட்டமாக உடைந்து வரும். இலவசமாகக் கிடைப்பது இவ்வளவுதான் என்று தெருவே சமாதானமாகிவிட்டது. ஒருத்தராவது கோபுரம் எங்கே என்று கேட்கவில்லை. கண்டக்டர் பார்த்துக்கொண்டிருந்த திசையில் இருந்த கோபுரத்தைப் பிரித்து எடுத்து வருஷக்கணக்காகிவிட்டது. புதுக் கோபுரம் நேர் எதிர்த்திசையில், குன்றின் மேல். தெருவுக்கு வந்துகொண்டிருந்தது மருத்துவமனைச் சுவரில் மோதித் திரும்புகிற மிச்சம் மீதி.

அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறி எங்கள் ஆன்டெனாவைக் குன்றுப் பக்கம் திருப்பினாள். "தெருவே ஒரு பக்கம் பார்க்குது, இவ மட்டும் முதுகைக் காட்டறா" என்று கண்டக்டர் தன் மாடியிலிருந்து கைதட்டிச் சிரித்தார். இருபத்திரண்டு சேனல் வந்தது எங்களுக்கு, பளிங்கு மாதிரி. மறுநாள் காலையில் பார்த்தால் கண்டக்டரின் ஆன்டெனாவும் குன்றுப் பக்கம் திரும்பியிருந்தது. "காத்துல திரும்பிடுச்சும்மா" என்றார். "நல்ல காத்து சார், அளந்து திருப்பியிருக்கு" என்றாள் இவள். அந்த வாரம் தெரு முழுக்க அந்தக் காற்று வீசியது. மாடி வீட்டுக்காரிக்கு மட்டும் இவள் போய்த் திருப்பிக் கொடுத்தாள்.

இந்தக் கதை எப்படியோ எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டிவிட்டது. தூரத்து நகரத்தில், ஒன்பது மணி நேரப் பயணம், ஒளிபரப்பு நிலையத்தில் வேலை. வீடு வீடாக, ஊர் ஊராகப் போய் எங்கே அலை நன்றாக வருகிறது, எங்கே வரவில்லை என்று அளக்க வேண்டும். கடிதம் வந்தது. அதை அவளேதான் எனக்குப் படித்துக் காட்டினாள். யோசித்துப் பாருங்கள், அவள் என்ன படித்திருந்தாலும் நான் நம்பியிருப்பேன். முதல் தேதி வந்து சேர வேண்டும் என்பதையும், அங்கேயே தங்க வேண்டும் என்பதையும் ஒரு எழுத்து விடாமல் படித்தாள். படித்துவிட்டு, "வேண்டாம்னு எழுதிடட்டுமா அத்தை?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது முகம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை முகமாக இருந்தது. "எழுதிப் பாரு, விரலை ஒடிச்சுடுவேன்" என்றேன்.

வாய் அப்படிச் சொன்னது. மனசு வேறு கணக்குப் போட்டது.

என் மகள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ஆனால் பகல் முழுக்க நான் தனி. பேப்பர் படிக்கத் தெரியாத எனக்கு உலகம் வருகிற வழி அந்த டிவி ஒன்றுதான். அதனால் அவள் ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டாள். "மொட்டைமாடி ஆன்டெனா உங்களுக்கு ஆகாது. காத்துல திரும்பிச்சுன்னா யார் ஏறுவா? உங்க முட்டியா? காத்து திருப்பாத மாதிரி உள்ள ஜன்னல்லயே ஒண்ணு வைக்கணும். அது ஒரு வாரம் நிக்காம ஓடினாத்தான் நான் கிளம்புவேன்."

தட்டையான, அப்பளம் போல ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னலில் ஒட்டினாள். இரும்புக் கம்பி மறைக்கிறது என்று கம்பிக்கு மேலே, குன்றைப் பார்த்த கண்ணாடியில். சேனல்களைத் தேட விட்டாள். படம் அற்புதமாக வந்தது. ரிமோட்டில் எண் எனக்குக் குழம்பும் என்று நகப்பூச்சால் பொட்டு வைத்தாள்: செய்திக்குச் சிவப்பு, பாட்டுக்குப் பச்சை, தொடருக்கு நீலம். பச்சையிலும் நீலத்திலும் நகப்பூச்சு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, "எப்படி ஓடிச்சு?" என்று கேட்டாள்.

"எங்க ஓடிச்சு? கட்டம் கட்டமா உடைஞ்சுது" என்றேன்.

பொய். நாள் முழுக்க ஒரு கீறல் இல்லாமல் ஓடியது.

என்னை நம்பினாள். நான் சொன்னால் நம்புவாள், அதுதான் என் பாவம். பகலில் மட்டும் உடைகிறதென்றால் பகலில் எது மாறுகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். எதிரே தகரக் கூண்டு வண்டி நிறுத்துகிறவரிடம் கெஞ்சி, இரண்டு வீடு தள்ளி நிறுத்தச் சொன்னாள். ஃபிரிட்ஜை நகர்த்தினாள். கடையிலிருந்து இரண்டாவது ஆன்டெனா வந்தது, மூன்றாவது வந்தது, இரண்டு கொம்பு வைத்து ஒன்று. ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு டிவிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு எனக்கு வேர்த்துவிட்டது. அவள் குளிக்கப் போனபோது டிவியில் மாட்டியிருந்த கேபிள் பின்னை அரைத் திருகு கழற்றிவிட்டேன். படம் உடைந்தது. ஈரத் தலையோடு ஓடி வந்து, "பார்த்தீங்களா, பார்த்தீங்களா, இப்பத்தான் பிடிபடுது" என்று சந்தோஷப்பட்டாள். திருடியின் வீட்டில் திருடனைத் தேடுகிறவள் மாதிரி.

பத்து நாள் தவணை கேட்டு நிலையத்துக்கு எழுதினாள். கொடுத்தார்கள். இதற்கு மேல் இல்லை என்றும் சொன்னார்கள்.

தவணை முடிய நான்கு நாள் இருந்தபோது ஒரு காலை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. நான் அடுப்படியிலிருந்து, "குடையை எடுத்துட்டுப் போ. மத்தியானம் ரெண்டு மணிக்குப் பிடிக்கிற மழை நாலு மணி வரைக்கும் விடாதாம்" என்றேன்.

செருப்புச் சத்தம் நின்றது.

"யார் சொன்னா அத்தை?"

"என் முட்டி சொல்லிச்சு."

"முட்டி மழை வரும்னு சொல்லும். நாலு மணிக்கு விடும்னும் சொல்லுமா?"

நான் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தேன், ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தை. அவள் ஜன்னல் ஆன்டெனாவையும் டிவியையும் ஒரு பார்வை பார்த்தாள். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு மழை சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன நேரத்துக்கு நின்றது, பாழாய்ப் போன மழை.

சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேனே அத்தை."

"தெரியும்டி. அதனாலதான் சொல்லல."

"அப்ப பொய் மட்டும் சொல்லலாமா?"

"போன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். அதுக்கு மேல நேர்மையா இருக்க என்னால முடியல."

அவள் சிரித்தாள், அப்புறம் மூக்கை உறிஞ்சினாள். "மூணு ஆன்டெனா தூக்கிட்டு வந்தேன். வண்டிக்காரர் கால்ல விழாத குறை. கடையில எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க, உனக்கே சிக்னல் வரலையான்னு."

"எந்த ஆன்டெனா நல்லா இருந்துச்சுன்னு கேளு, சொல்றேன்."

"சொல்லுங்க."

"முதல்ல ஒட்டினதுதான். ஊசி விழுந்தாக்கூடத் தெரிஞ்சுது."

தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் தான் முதலில் கணித்ததே சரி என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை வந்ததை நான் பார்த்தேன். பிறகு திருப்புளியை எடுத்து மூன்றாவதைக் கழற்றி, முதல் ஆன்டெனாவை மறுபடி கண்ணாடியில் ஒட்டினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். "அவன் போனப்புறம் இந்த வீட்டுல நீ இருந்த ஆறு வருஷமும் எனக்கு வரம். வரத்தைக் கட்டி வச்சா அது சாபம்" என்றேன். "போதும், தொடர் வசனம் பேசாதீங்க" என்றாள். நான் நிஜமாகத்தான் சொன்னேன். பெற்ற மகன் போன பிறகு, பிறந்த வீட்டு வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒரு நாளாவது அதைச் சொல்லிக்காட்டாமல் என் முட்டியைத் தேய்த்துவிட்ட கை அது. அந்தக் கையில் இருக்கிற வித்தை ஊர் ஊராகப் போக வேண்டியது. நான் அதை என் ஜன்னலில் ஒட்டி வைக்கப் பார்த்தேன். என்னைப் பொறுத்துக்கொண்டாளே, அதற்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்?

கிளம்புகிற நாள் காலையில் ஆன்டெனாவை ஒரு தடவை, பின்னை ஒரு தடவை, மறுபடி ஆன்டெனாவை ஒரு தடவை பார்த்தாள். "பஸ் உனக்காக நிக்காது" என்று பெட்டிகளை நானே வாசல் வரை இழுத்தேன். என் முகத்தைப் பார்த்தால் நின்றுவிடுவாள் என்று தெரியும், அதனால் வழியனுப்ப வெளியே போகவில்லை. "போய்ட்டு வா. இனி ஒரு பொய்யும் இல்ல, படம் தெளிவா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து சிவப்புப் பொட்டை அழுத்தி, செய்தி வாசிக்கிறவள் குரல் தெருமுனை வரை கேட்கிற மாதிரி சத்தத்தை ஏற்றினேன். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை.

"குறைங்க அத்தை, காது போயிடும்!" என்று தெருவிலிருந்து கத்தினாள்.

குறைக்கவில்லை. பெட்டிச் சக்கரம் உருளுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு செய்தி மட்டும்தான் கேட்டது.