தொடர்கதையில் செத்துப்போன அம்மா

பெயின்ட் கடையில் டர்பன்டைன் வாசம் பட்டால், இராஜபாளையத்தில் இப்போது இடித்துவிட்ட ஓவியர் மாமாவின் மாடியறைக்குப் போய்விடுகிறேன். வாரப் பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போடும் அவர், பேண்டேஜ் கம்பெனியிலிருந்து வரும் அம்மாவை, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டவிடாமல், ஜன்னலோரம் உட்காரவைத்து, ஒரு தொடர்கதையின் கதாநாயகியாக அப்படியே வரைவார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், அந்தத் தொடர்கதையை அம்மாவுக்கு நான்தான் வாசிப்பேன்.

ஒரு வாரம், அம்மாவின் முகம் கொண்ட கதாநாயகி காய்ச்சலில் செத்துப்போனாள்.

மறுநாளே அம்மா மாடியேறி, "அண்ணே, என்னைய எதுக்குக் கொன்னீய?" என்றாள்.

"கொன்னது கதை எழுதுனவருதான். நான் படந்தான போட்டேன்" என்று சிரித்தார்.

"எம்புள்ள வாசிக்க ஏலாம அழுதான். நீங்க சிரிக்கிய."



பொறவு ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச் சுவரில் அவர் வரைந்த, இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கல்யாண விருந்தில், முதல் பந்தியில் உட்கார்ந்து, கன்னம் உப்பச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் அம்மா.