இடுப்பு பிரித்த பேண்ட்

எதையும் கேலியாகவே சொல்லிப் பழகிவிட்ட ஒருவர், உண்மையாகவே வலிக்கும்போது எந்தக் குரலில் சொல்வார்?

பழைய உடுப்புகளை உடம்புக்கேற்ப மாற்றித் தைத்துக் கொடுக்கும் டெய்லர் அவர். புதுத்துணி வெட்டத் தனக்குக் கை வராது என்பார். உண்மையில் சுமாராக வரும். இளைத்தவர்களுக்குப் பிடித்தும் பெருத்தவர்களுக்குப் பிரித்தும் தைத்தே ஐம்பதைத் தாண்டிவிட்டார். கிண்டலுக்கு வேறு ஆள் தேடியதில்லை. தன் வழுக்கையும் குறட்டையும் கடைக்கு வருகிறவர்களுக்கு இலவசம்.

ஒரு வருடமாக வயிறும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தொப்புளைச் சுற்றி முறுக்கும், உப்பும், மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் வற்றிவிடும். வற்றிய பிறகுதான் கிளினிக்குக்குப் போவார். அமுக்கிப் பார்த்தால் பூப்போல் இருக்கும். வாயு மாத்திரையோடு திரும்பி, "டாக்டரைப் பார்த்தா என் வயிறு கைகட்டி நிக்குது" என்பார். கடையில் இஸ்திரி போடும் மைத்துனன் விழுந்து விழுந்து சிரிப்பான். வலி முறுக்கும்போதும் அதே முகத்தோடு சொன்னதால், அதற்கும் அதே சிரிப்புத்தான் கிடைத்தது. நாளடைவில் அவருக்கே தன் வலிமேல் நம்பிக்கை போய்விட்டது.

ஒருநாள் காலையில் பேண்ட் கொக்கி எட்டவில்லை. கழற்றி, இடுப்பைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணி முழுவதையும் வெளியே விட்டுத் தைத்து மாட்டிக்கொண்டார். இன்றைக்கு முதல் கஸ்டமரே தான்தான் என்றார். மத்தியானத்துக்குள் அதுவும் இறுகியது. காற்றுகூடப் பிரியவில்லை. பச்சையாக வாந்தி எடுத்துவிட்டு மெஷின்மேல் கவிழ்ந்தபடி, தான் இப்போது ஒரு பலூன் என்றும் ஊசிகளைத் தள்ளி வைக்கும்படியும் சொன்னார். மைத்துனன் சிரித்துக்கொண்டே காலரைத் தேய்த்தான். சாப்பாடு கொண்டுவந்த மனைவிதான் நின்று பார்த்தாள்.

"ஏங்க, விளையாட்டா சொல்றீங்களா, நிஜமாவா?"

ஒரு கேலி வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "நிஜந்தான்" என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். குடலுக்குள் ஒரு கட்டி. அதைச் சாப்பாடு என்று எண்ணிக் குடல் தள்ளித் தள்ளி, கடைசியில் தானும் தனக்குள்ளேயே நுழைந்து அடைத்துக்கொண்டிருந்தது. சட்டைக் கை உள்பக்கமாகச் சொருகிக்கொண்டதுபோல என்றார் சர்ஜன். பெரியவர்களுக்கு இது அபூர்வமாம். கட்டி கெட்டதாகவும் இருக்கலாம். எடுத்துச் சோதித்தால்தான் தெரியுமாம்.

அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். சோதனை முடிவு வரும்வரை அவர் ஒரு கேலியும் பேசவில்லை. மைத்துனன்தான் தாங்காமல், "ஏதாச்சும் சொல்லுங்க மாமா, நீங்க சும்மா இருந்தா பயமா இருக்கு" என்றான்.

"எனக்கும்தான்டா."

வெறும் கொழுப்புக் கட்டி, ஆபத்தில்லை என்று முடிவு வந்தது. மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தனக்குக் கொழுப்பு என்று அவள் இத்தனை வருடமாகத் திட்டியதை இப்போது ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்துவிட்டதாக அவர் சொன்ன பிறகுதான், அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

இளைத்துப்போய்க் கடைக்குத் திரும்பினார். வழுக்கையும் குறட்டையும் ஒவ்வொன்றாகப் பேச்சில் திரும்பி வந்தன. அந்தப் பேண்ட் மட்டும் பிரித்தது பிரித்தபடியே இருந்தது. பெல்ட்டால் இறுக்கி, இடுப்பைச் சுற்றிச் சுருக்கம் விழ, அதையே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஊரார் இடுப்பையெல்லாம் பிடிக்கிறவருக்குத் தன்னுடையது ஏன் தொளதொளக்கிறது என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. பிடிப்பது ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அவர் லுங்கியில் இருந்த ஒருநாள், மைத்துனன் தானே தைத்துவிடலாம் என்று அதை மெஷினில் வைத்தான். அவர் எழுந்து வந்து, "இது நிஜமா வலிச்ச அளவுடா, இருக்கட்டும்" என்று அதை வாங்கி மடித்து வைத்தார். மறுநாளும் அதையே போட்டுக்கொண்டு வந்தார்.